18,904 வரிகளுக்காக 186 டெராபைட்

2025 ஏப்ரல், முதல் ஞாயிறு. கோலாலம்பூர் செந்தூலில் ஈப்போ சாலைப் பக்கம் ஒரு கடையில் அக்காவும் நானும் பசியாறிக்கொண்டிருந்தோம். தோசை வருவதற்குள் அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேசையில் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

"தங்கச்சி, இந்த மெஷின் ஓட ஒரு வாடிக்கையாளருக்கு மாசம் எத்தனை வெள்ளி ஆகுது? சரியா சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. மொத்தமாக எவ்வளவு கட்டுகிறேன் என்பது தெரியும். எதற்காக அவ்வளவு ஆகிறது என்பது தெரியாது. பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு வாயடைத்துப் போனது இன்னும் மனத்தில் உறுத்துகிறது. அதற்குப் பதில் தேடிய இரண்டு மாதக் கதைதான் இது. பிளாக்செயின் என்ற பொதுப் பரிவர்த்தனைப் பதிவேட்டில் எழுதப்படும் குறிப்புகளான லாக்குகளைப் படித்துச் சேர்த்து வைக்கும் இண்டெக்ஸரை (அக்கா சொன்ன மெஷின் இதுதான்) யாராவது சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் நாங்கள் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அக்கா கிள்ளானில் கணக்காளர். உடன்பிறந்தவர் இல்லை, ஆனால் அப்படித்தான் பழக்கம். அவரிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் ஓவியர்கள், அனிமேஷன் செய்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள். சம்பளம், டாலர் மதிப்பை ஒட்டிய டிஜிட்டல் நாணயங்களான யுஎஸ்டிடி அல்லது யுஎஸ்டிசியாக அவர்களுடைய வாலெட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பணப்பைக்கு, வருகிறது. மாதக் கடைசியில் எந்த நாள், எவ்வளவு, எங்கிருந்து, கட்டணம் எவ்வளவு, அன்றைய ரிங்கிட் மதிப்பு என்ன என்று ஓர் அறிக்கை வேண்டும். அதைத் தயாரிப்பது என் வேலை. 61 வாடிக்கையாளர்கள், 340 வாலெட் முகவரிகள், மூன்று சங்கிலிகள், அதாவது பிளாக்செயின்கள்: எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம். ஆளுக்கு மாதம் 30 வெள்ளி, அதாவது ரிங்கிட், வாங்குகிறோம்.

அந்த மார்ச் மாத பில்லை அன்று மாலையே எடுத்து வைத்தேன். சங்கிலியின் தரவைக் கேட்டு வாங்கும் ஆர்பிசி சேவைக்கு 148 டாலர். கிளவுட் சர்வருக்கு 96. டிஸ்குக்கு 58. ஸ்னாப்ஷாட் எனப்படும் காப்புப் பிரதிகளுக்கு 21. வெளியே போன தரவுக்கு 9. கூட்டினால் 332 டாலர். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு இங்கே சேவை வரி உண்டு. 2020 ஜனவரியில் 6 விழுக்காட்டில் தொடங்கி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அதையும் சேர்த்து 358 டாலர் 56 சென்ட். என் அட்டையில் டாலருக்கு 4.43 போட்டார்கள். ஆக 1,588 ரிங்கிட். வசூல் 1,830. மிச்சம் 242 ரிங்கிட்டில் இரண்டு பேர் பங்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளருக்கு 26 வெள்ளி 4 காசு செலவு.

அக்காவுக்கு எண்ணை அனுப்பினேன். "இது எவ்வளவுன்னு சொல்லுது. ஏன்னு சொல்லலையே" என்று பதில் வந்தது.

இண்டெக்ஸர் என்ற ஒன்று எதற்குத் தேவைப்படுகிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எத்தீரியத்தில் ஒரு காண்ட்ராக்ட் (சங்கிலியிலேயே ஓடும் நிரல்) "இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இவ்வளவு போனது" என்று அறிவிக்க விரும்பினால் லாக் எழுதும். அந்த எழுத்து மிக மலிவு. சங்கிலியில் கட்டணத்தை அளக்கும் அலகு கேஸ். அடிப்படைக்கு 375 கேஸ், லாக்கைத் தேட உதவும் குறிச்சொல்லான ஒவ்வொரு டாபிக்குக்கும் 375, தரவில் ஒரு பைட்டுக்கு 8. டோக்கன் டிரான்ஸ்ஃபர் என்றால் மூன்று டாபிக், 32 பைட் தரவு. கூட்டினால் 1,756 கேஸ். அதே விவரத்தைக் காண்ட்ராக்டின் சேமிப்பில் புது இடம் பிடித்து எழுத வேண்டுமானால் ஓர் இடத்துக்கே 20,000 கேஸுக்கு மேல். ஏன் இவ்வளவு வித்தியாசம்? லாக்கை எந்தக் காண்ட்ராக்டாலும் திரும்பப் படிக்க முடியாது. எழுதிப் போட்டதோடு சங்கிலியின் கடமை முடிந்தது. தேடி எடுக்கும் பாரம் முழுக்க வெளியே நிற்கும் நம் தலையில் விழுகிறது. அங்கே எழுதுபவருக்கு மிச்சமான காசு எங்கள் சர்வர் பில்லாகத் திரும்பி வருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

சங்கிலி என்பது பிளாக் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டுகளின் வரிசை. தேடுவது என்றால், அதன் நகலை வைத்திருக்கும் கணினியான நோடு ஒன்றிடம் "இந்த பிளாக்கிலிருந்து இந்த பிளாக் வரை, இந்தக் காண்ட்ராக்ட் எழுதிய லாக்குகளைக் கொடு" என்று கேட்பது. சொந்த நோடு இல்லாதவர்கள் ஆர்பிசி சேவைக்குப் பணம் கட்டிக் கேட்கிறோம். வந்ததைப் பிரித்து டேட்டாபேஸில் போட வேண்டும். வேலை இவ்வளவுதான். சின்ன வேலை என்று நினைத்துத்தான் 2024 ஜூனில் தொடங்கினேன்.

முதல் ஏழு மாதம் இது என் வீட்டில் ஓடியது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மினி பிசி, 32 ஜிபி நினைவகம், என்விஎம்இ எனப்படும் வேகமான ரகத்தில் 1 டெராபைட் டிஸ்க். கணினிக் கடைகள் நிறைந்த பிளாசா லோ யாட்டில் மாடி மாடியாக ஏறி இறங்கி, பழையது விற்கும் கடையில் வாங்கியது. வீட்டில் ஃபைபர் இணைப்பு வரும் இடம் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவர். அதனால் பெட்டியும் அங்கேயே, முருகன் படத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தது.

டிசம்பர் வாக்கில் எல்லாம் மந்தமானது. ஒரு மாத அறிக்கை எடுக்க நாற்பது வினாடி. புது லாக்குகள் பின்தங்கத் தொடங்கின. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆர்பிட்ரம் ஆறு மணி நேரம் பின்னால் நின்றது. சூடுதான் காரணம் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றினால், விசிறியின் இறக்கைகள் மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா போடும் சாம்பிராணி. புகை மேலே போகாமல் விசிறி இழுக்கும் பக்கம் திரும்பி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காதுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வோர் இறக்கையாகத் துடைத்தேன். டிஸ்கின் சூடு 78 டிகிரியிலிருந்து 61க்கு இறங்கியது. மந்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது நான் எடுத்த முடிவு தவறு. பெட்டி பத்தவில்லை, பெரிய இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினேன். அங்கே வேகம் வந்தது. கூடவே பில்லும் வந்தது. நோய் என்னவென்று தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறியதுபோல.

அக்காவின் கேள்விக்குப் பிறகு, ஓரமாகக் கிடந்த அந்தப் பழைய பெட்டியை மறுபடி மின்சாரத்தில் செருகினேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்க ஒரு கட்டளை உண்டு. என்விஎம்இ டிஸ்குகள், பிறந்த நாளிலிருந்து தம் மேல் எவ்வளவு எழுதப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். ஓர் அலகு என்றால் 512,000 பைட். என் டிஸ்க் காட்டிய எண் 363.3 மில்லியன் அலகுகள். பெருக்கினால் 186 டெராபைட். அதற்குக் கீழ் வரியில் "பயன்பாடு 31 விழுக்காடு". இந்த ரக 1 டெராபைட் டிஸ்குக்கு 600 டெராபைட் எழுத்து வரை உத்தரவாதம் தருவது வழக்கம். ஏழே மாதத்தில் அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

டிஸ்கில் இருந்த டேட்டாபேஸ் மொத்தமே 410 ஜிபி.

அன்று இரவு நான் தூங்கவில்லை. டேபிளில் 310 மில்லியன் வரிகள், ஒரு லாக்குக்கு ஒரு வரி. ஒரு வரி சராசரி 600 பைட். ஆனால் டிஸ்குக்குப் போனதை வரிகளால் வகுத்தால் ஒரு வரிக்கு 600,000 பைட். ஆயிரம் மடங்கு. அந்த ஆயிரம் எங்கே போனது?

பெரும்பங்கை டேபிளின் ஒரே ஒரு நெடுவரிசை தின்றிருந்தது. "உறுதி எண்ணிக்கை" என்று நான் வைத்திருந்த நெடுவரிசை. புதிதாக வந்த பிளாக் சில சமயம் பின்வாங்கப்பட்டு வேறொன்று அந்த இடத்துக்கு வரலாம். அதனால் ஒரு பரிவர்த்தனைக்கு மேல் எத்தனை பிளாக் அடுக்கப்பட்டன என்று எண்ணி, 64 ஆனதும் "உறுதி" என்று எடுத்துக்கொள்வேன். எத்தீரியத்தில் 12 வினாடிக்கு ஒரு பிளாக். 64 என்றால் ஏறக்குறைய 13 நிமிடம். எண்ணுவதில் தவறில்லை. அந்த எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் டேபிளில் திருத்தி எழுதியதுதான் தவறு. 1, 2, 3 என்று ஒரே வரி 64 தடவை வரை திருத்தப்பட்டது.

என் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அது பழைய வரியின் மேல் எழுதாது. புது வரி ஒன்றை எழுதிவிட்டு, பழையதைச் செத்த வரியாக விட்டுவைக்கும். பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து இடத்தைக் காலி செய்யும். திருத்தப்பட்ட நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லையென்றால் அது கொஞ்சம் சிக்கனமாக நடந்துகொள்ளும். மற்ற இண்டெக்ஸ்களைத் தொடாமல் விட வழி இருக்கிறது. நானோ, இன்னும் உறுதியாகாதவற்றைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்று அந்த நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டிருந்தேன். சிக்கன வழி அடைந்துபோனது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது வரி, ஆறு இண்டெக்ஸிலும் புதுப் பதிவு, இவை அனைத்தும் முதலில் வால் எனப்படும் முன்பதிவேட்டில் ஒரு தடவை. நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதி முடிக்கும் செக்பாயின்டுக்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முதலாகத் தொடப்பட்டால் அந்த 8 கிலோபைட் பக்கம் முழுவதும் முன்பதிவேட்டுக்குப் போகும். சில பைட் மாற்றத்துக்கு 8 கிலோபைட்.

அந்த எண்ணைச் சேமிக்கவே தேவையில்லை. கடைசி பிளாக் எண்ணிலிருந்து வரியின் பிளாக் எண்ணைக் கழித்தால் கிடைத்துவிடும். ஒரு கழித்தல் கணக்கு!

இன்னொரு பங்கு இண்டெக்ஸுக்கு நான் தேர்ந்த சாவியில் போனது. வரியை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி பரிவர்த்தனையின் ஹேஷில் தொடங்கியது. ஹேஷ் என்பது குலுக்கிப் போட்ட எண். அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகள் இண்டெக்ஸின் இரு கோடிகளில் போய் விழும். இண்டெக்ஸ் சின்னதாக இருந்து நினைவகத்துக்குள் அடங்கும்வரை யாருக்கும் வலிக்காது. என் ஹேஷ் இண்டெக்ஸும் அனுப்பியவர், பெற்றவர் இண்டெக்ஸ்களும் சேர்ந்து 32 ஜிபியைத் தாண்டிய வாரத்தில்தான் மந்தம் ஆரம்பித்தது என்பதை, பழைய வரைபடங்களைத் தேடிப் பார்த்து உறுதிப்படுத்தினேன். அதன்பிறகு ஒவ்வொரு புது வரிக்கும் டிஸ்கின் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வந்து, திருத்தி, திரும்ப வைக்க வேண்டியிருந்தது. ஒரு சங்கிலிக்குள் பிளாக் எண்ணும் அந்த பிளாக்குக்குள் லாக்கின் வரிசை எண்ணும் சேர்ந்தாலே ஒரு லாக்கை ஐயமில்லாமல் அடையாளம் காட்டும். அந்த ஜோடி எப்போதும் ஏறுமுகம்; புதியவை எல்லாம் இண்டெக்ஸின் கடைசிப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வரியின் பருமனும் ஒரு கதை. முகவரி என்பது 20 பைட். நான் அதை ஹெக்ஸ் எழுத்தாக, 42 எழுத்துகளில் வைத்திருந்தேன். 32 பைட் ஹேஷ் 66 எழுத்தாக. போதாததற்கு, வந்த டாபிக்குகளை அப்படியே ஜேசன் என்ற எழுத்து வடிவிலும் பத்திரப்படுத்தியிருந்தேன். ஒரு வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் டாபிக் டிடிஎஃப்252ஏடி என்று தொடங்கும் டிரான்ஸ்ஃபரின் கைரேகை. 310 மில்லியன் வரிகளிலும் ஒரே கைரேகை, ஓர் எழுத்து மாறாமல். இரண்டாவது டாபிக்கில் அனுப்பியவர் முகவரி. டாபிக் 32 பைட், முகவரி 20 பைட் என்பதால் முன்னால் இருபத்து நான்கு சைபர்கள். மூன்றாவதிலும் இருபத்து நான்கு சைபர்கள். வெறும் சைபருக்கு மாதா மாதம் டாலரில் வாடகை கட்டியிருக்கிறேன். பைனரியாக மாற்றி, மீண்டும் கிடைக்கக்கூடியதை எல்லாம் நீக்கியதும் ஒரு வரி 140 பைட் அளவில் நின்றது.

இதெல்லாம் பழுது பார்க்கும் வேலை. உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. 310 மில்லியன் வரிகளில் எங்கள் 340 முகவரிகள் சம்பந்தப்பட்டவை எத்தனை என்று எண்ணினேன்.

18,904.

மற்ற அனைத்தும் யாரென்றே தெரியாதவர்கள் யாருக்கோ அனுப்பிய பணம். அவற்றை ஏன் வைத்திருந்தேன்? காரணம் இருந்தது. புது வாடிக்கையாளர் வந்தால் அவருடைய பழைய பரிவர்த்தனைகள் உடனே வேண்டும். எல்லாம் கையில் இருந்தால் தேடுவது ஒரு நொடி. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் புது வாடிக்கையாளர் மாதத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். அந்த இரண்டு நொடி வேகத்துக்காக 310 மில்லியன் வரிகளை ஆறு இண்டெக்ஸோடு இரவும் பகலும் தயார் நிலையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அப்பா செந்தூலில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடன் எழுத 555 புத்தகம்; சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு, இங்கே வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நடப்பு மாத நோட்டுகள் மட்டும் இருக்கும், வீட்டுக்கு ஒன்று. நிரம்பியவற்றை ரப்பர் பேண்ட் போட்டு, வருடம் எழுதி, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சதுர பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். என்றாவது யாராவது "போன தீபாவளிக்கு நான் கொடுத்துட்டேனே அண்ணே" என்று வந்து நின்றால் டின்னைத் திறப்பார். பத்து நிமிடம் ஆகும். வந்தவர் நின்று காத்திருப்பார். எந்தப் புத்தகத்தையும் அவர் தூக்கி எறிந்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் கல்லா மேல் பரப்பி வைத்ததும் இல்லை.

டின் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நினைப்பில்தான். பழைய வரிகளை எல்லாம் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, பிளாக் வரிசைப்படி அடுக்கி, பார்க்கெட் கோப்புகளாகச் சுருக்கி எழுதினேன். இந்தக் கோப்பு வகை ஒரே நெடுவரிசையின் மதிப்புகளைச் சேர்த்து அடுக்கும். ஒரே நெடுவரிசையில் ஒரே மாதிரி மதிப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கம் நன்றாகப் பிடிக்கும். ஹேஷ் மட்டும் சுருங்க மறுக்கும், அது அதன் இயல்பு. 410 ஜிபி 27 ஜிபியாக வந்து நின்றது. இண்டெக்ஸ் கிடையாது. இருப்பது ஒரு சாதாரண 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், வேகமே தேவையில்லாத இடம். புது வாடிக்கையாளர் வந்தால், இத்தகைய கோப்புகளில் நேரடியாகத் தேடும் டக்டிபியைக் கொண்டு எல்லாக் கோப்புகளையும் தலை முதல் கால் வரை ஒரு முறை படிக்கிறேன். நாலு நிமிடம். அக்கா அதற்குள் கோப்பி கலக்கிக்கொள்ளலாம்.

கல்லா மேல் இருக்கும் டேபிளில் இப்போது 18,904ம் அதற்குப் பிறகு வந்தவையும் மட்டுமே. இண்டெக்ஸோடு சேர்த்து 5 எம்பிக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு.

இனி ஆர்பிசி. பில்லில் பெரிய எண் அதுதான், அதை நான் கடைசியாகத் தொட்டேன் என்பதில் வருத்தம் உண்டு. ஆர்பிட்ரம் வினாடிக்கு நான்கு பிளாக் வரை போடுகிறது. நாளைக்கு 345,600. ஒவ்வொரு பிளாக்குக்கும் நேரம் தெரிந்துகொள்ள நான் அதன் தலைப்புப் பகுதியைக் கேட்டுத் தனியாக ஓர் அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்குக் கிடைத்த லாக்கில் நேரம் இல்லை. முப்பது நாளைக்கு 10 மில்லியனுக்கும் மேற்பட்ட அழைப்புகள். எல்லாம் மாதக் கடைசியில் ஒரு தடவை பார்க்கப்படும் அறிக்கைக்காக. அக்காவிடம் கேட்டேன், "பணம் வந்து எத்தனை நேரத்துக்குள்ள திரையில தெரியணும்?" அவர் யோசிக்கவே இல்லை. "மறுநாள் காலையில தெரிஞ்சா போதும் தங்கச்சி. நான் என்ன பங்குச் சந்தையா நடத்துறேன்?"

அந்த ஒரு வார்த்தை எனக்கு நூறு டாலருக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதுவரை சேர்ந்த பிளாக்குகளை ஒரே வீச்சாகக் கேட்கிறேன்: எத்தீரியத்தில் 25 பிளாக், ஆர்பிட்ரத்தில் 1,200. சங்கிலிக்கு நாளைக்கு 288 அழைப்பு. பதில் பெரிதாகிச் சேவை மறுத்தால் வீச்சை இரண்டாகப் பிளக்கிறேன். நேரத்தை, எங்கள் முகவரி வந்த பிளாக்குக்கு மட்டும் கேட்கிறேன். பரிவர்த்தனைக் கட்டணத்துக்காக ரசீதை எடுப்பதும் எங்கள் ஆள் அனுப்பியவராக இருந்தால் மட்டும். பெற்றவர் கட்டணம் கட்டுவதில்லையே, அதை எடுத்து என்ன செய்ய?

மறுநாள் போதும் என்றதும் இன்னொரு சுமையும் கழன்றது. சங்கிலியின் நுனியில் நிற்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் புது முறைக்கு மாறியதிலிருந்து, "இறுதியானது" என்று நோடே உறுதி சொல்லும் பிளாக் வரை மட்டும் கேட்க வழி இருக்கிறது. அதுவரைக்கும் மட்டும் படித்தால் எந்த வரியும் பின்வாங்காது. பின்வாங்கலைக் கண்டுபிடித்து அழித்துத் திருப்பி எழுத நான் வைத்திருந்த நானூறு வரி நிரலை நீக்கினேன். பாலிகானில் 2023 பிப்ரவரியில் ஒரே மூச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பிளாக்குகள் பின்வாங்கிய சம்பவத்தைப் படித்து பயந்து எழுதிய நிரல் அது. நுனிக்குப் போகாதவருக்கு அந்த பயம் பாதி குறைந்துவிடுகிறது.

இப்போது முன்னால் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருகிறேன். லாக் கேட்கும்போதே முகவரிப் பட்டியலைக் கொடுத்து "இவர்கள் சம்பந்தப்பட்டதை மட்டும் தா" என்று கேட்கலாம். நோடே வடிகட்டிக் கொடுக்கும். பலரும் அதைத்தான் செய்யச் சொல்வார்கள், தரவும் குறையும். நான் அதைச் செய்யவில்லை. அந்த 340 முகவரிகளை ஒரே பட்டியலாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கொடுப்பது என்றால், "இவர்கள் அனைவரும் ஒரே கணக்காளரின் ஆட்கள்" என்று எழுதிக் கொடுப்பதுபோல. அக்கா தன் வாடிக்கையாளர் பெயரைத் தன் கணவரிடம்கூடச் சொல்லாதவர். அவருடைய தொழில் தர்மத்தை என் நிரலில் மீற எனக்கு உரிமை இல்லை. அதனால் யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி காண்ட்ராக்டுகளின் எல்லா டிரான்ஸ்ஃபர்களையும் வாங்கிக்கொள்கிறேன். நினைவகத்தில் 340 முகவரிகளோடு ஒப்பிடுகிறேன். எங்களுடையது டேபிளுக்கும் மற்றவை டின்னுக்கும் போகின்றன. இதற்கு ஆகும் கூடுதல் செலவை நான் மனமுவந்து கட்டுகிறேன். எல்லாச் செலவும் வெட்ட வேண்டிய செலவு இல்லை.

தி கிராஃப் போன்ற பொது இண்டெக்ஸிங் வலையமைப்பை ஏன் பயன்படுத்தவில்லை என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். ஒரு பரிமாற்றச் செயலியின் எல்லாப் பயனர்களுக்கும் ஒரே தரவு வேண்டும் என்றால் அது நல்ல வழி. பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது 61 பேரின் கணக்கு. மேலே சொன்ன அதே காரணம் இங்கும் நிற்கிறது.

ஜூலையில் எல்லாவற்றையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்தேன். அதே மினி பிசி, அதே 31 விழுக்காடு தேய்ந்த டிஸ்க். இந்த முறை சாமி மேடைக்குப் பக்கத்தில் இல்லை. கம்பியை நீட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். சித்திரை மாத இடிமழையில் ஒரு சாயங்காலம் மோடம் கருகிப் போன அனுபவம் இருந்ததால் யுபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். மின்சாரத்தை அளக்கும் செருகி போட்டு ஒரு மாதம் பார்த்தேன். பெட்டியும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து சராசரி 38 வாட். மாதத்துக்கு 27 யூனிட். 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டணப்படி வீடுகளுக்கு ஆற்றல் 27.03 காசு, கொள்ளளவு 4.55, வலையமைப்பு 12.85, சேர்த்தால் யூனிட்டுக்கு 44.43 காசு. பெட்டிக்கு மாதம் 12 வெள்ளி சொச்சம்.

வெளியே இருப்பது இரண்டே செலவு. அறிக்கைகளை வாடிக்கையாளர்கள் திறந்து பார்க்க ஒரு சின்ன சர்வர், 12 டாலர். ஆர்பிசி 29 டாலர். சேவை வரியோடு 44 டாலர் 28 சென்ட். ஒப்பிட வசதியாக அதே 4.43 வைத்தால் 196 ரிங்கிட். மின்சாரமும் சேர்த்து 208. வாடிக்கையாளருக்கு 3 வெள்ளி 42 காசு.

ஆகஸ்டில் அதே கடைக்கு அக்காவை அழைத்துப் போய் அந்த எண்ணைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ரசீதைத் திருப்பிப் போட்டு, "உன் சம்பளத்தை எங்க எழுதியிருக்க?" என்றார். எழுதவில்லை. இரண்டு மாத ஞாயிறுகள், இரவு பத்துக்கு மேல் உட்கார்ந்த மணிகள், மோடம், யுபிஎஸ், நாளைக்கு இந்த டிஸ்க் செத்தால் வாங்கப்போகும் புதியது. அவர் அதை எல்லாம் ஒவ்வொன்றாக எழுத வைத்தார். டிஸ்கை மூன்று ஆண்டாகப் பிரித்தார். என் நேரத்துக்கு நான் சொல்லத் தயங்கிய ஒரு தொகையை அவரே போட்டார். கடைசியில் ஒரு வாடிக்கையாளருக்கு 19 வெள்ளி என்று வந்தது. 30ஐக் குறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

டிஸ்கின் எண்ணிக்கையை இப்போது மாதம் ஒரு முறை பார்க்கிறேன். போன மாதம் முழுக்க எழுதப்பட்டது 61 ஜிபி. முன்பு அவ்வளவை இரண்டு மணி நேரத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தது. பயன்பாடு 31லேயே நிற்கிறது.

தீராத ஒன்று பாக்கி. என் டின் 2024 ஜூனில் தொடங்குகிறது. பினாங்கிலிருந்து ஓர் ஓவியர் புதிதாக வந்திருக்கிறார், பட்டர்வொர்த்தில் வீடு. 2023 தொடக்கத்திலிருந்தே ஆர்பிட்ரத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறார். அந்தப் பதினெட்டு மாதத்தை எடுக்க எல்லா டிரான்ஸ்ஃபர்களையும் இறக்குவது என்றால் மறுபடி ஒரு பெரிய பில். அவர் முகவரியைக் கொடுத்து வடிகட்டிக் கேட்டால், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 126 மில்லியன் பிளாக். ஒரு வீச்சுக்கு 10,000 என்றால் 12,600 அழைப்பு. அனுப்பியவர் இடத்துக்கு ஒரு தடவை, பெற்றவர் இடத்துக்கு ஒரு தடவை, ஆக இரட்டிப்பு. பதினெட்டு மாதத்துக்கு 38,000 அழைப்பு அளவில் முடிந்துவிடும். செலவு பெரிதில்லை. ஆனால் அவருடைய முகவரி வெளியே போகும். அக்கா அவருக்கு ஒரு பக்கக் கடிதம் தயாரித்திருக்கிறார், தமிழிலும் மலாயிலும், எதை யாரிடம் கேட்கப்போகிறோம் என்று விளக்கி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு. கடிதம் வியாழக்கிழமை தபாலில் போனது. கையெழுத்தோடு திரும்பி வரும்வரை அந்த வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.